மட்டக்களப்பு, அம்பாறையில் மெக்கானிக் வேலை பழகுவது எப்படி: ஒன்றும் தெரியாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள், ஏ.எல். சரிவராமல் வீட்டில் இருப்பவர்கள், கட்டாருக்கோ சவூதிக்கோ போய்க் கூலி வேலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்பானரைக் கையில் எடுத்ததே இல்லை என்றாலும் பரவாயில்லை. கராஜில் வேலை பழகி நல்ல மெக்கானிக்காக வந்தவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் தொடங்கினார்கள்.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு விசயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் என்றால் கழற்றிப் பூட்டுகிற ஆள் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். கழற்றிப் பூட்டுவதைக் கொஞ்ச மாதத்தில் யாரும் பழகிவிடலாம். பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான தொழில். நீங்கள் எந்தக் கராஜுக்குப் போகிறீர்கள், யாரிடம் பழகுகிறீர்கள், எதைப் படிக்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவெடுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஏன் வேலை இருக்கிறது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருசமும் இருந்த வண்டியைத்தான் எல்லோரும் ஓட்டினார்கள். இப்போது புது வண்டி வந்தாலும் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதையே திருத்தி ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். இது நாடு முழுவதற்கும் பொருந்தும்.

எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் இன்னும் சில காரணங்கள் உண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் உப்புக்காற்று வயரின் முனையிலிருந்து சைலன்சர் வரை அரித்துவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கிரவல் ரோட்டில் ஓடும் பைக்குகளுக்குச் சங்கிலியும் சில்லு பெயாரிங்கும் சீக்கிரமே தேய்ந்துபோகும். கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீருக்குள் ஓடி, நின்றுபோன வண்டிகள் வரிசையாக வரும். அதோடு வயல். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, வெல்லாவெளி என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் உழவு மெசின், லாண்ட் மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின், நெல் வெட்டும் மெசின். பெரும்போக உழவு தொடங்கும் நேரத்திலும் அறுவடை நேரத்திலும் மெக்கானிக்கைத் தேடி வயற்காரர்கள் அலைவதைப் பார்த்திருப்பீர்கள். மெசின் ஒரு நாள் நின்றால் அவர்களுக்கு நட்டம். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை படகு எஞ்சின்களும் இருக்கின்றன. அது தனித் தொழில். ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

எந்த வண்டியில் தொடங்குவது

என் அபிப்பிராயம்: மோட்டார் சைக்கிள், ஆட்டோ. காரில் தொடங்க வேண்டும் என்று பலருக்கு ஆசை இருக்கும். ஆனால் ஒரு பஜாஜ் சிடி 100இல் எஞ்சின், கிளட்ச், கியர், பிரேக், வயரிங் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஒரு வேலை காலையில் தொடங்கி மத்தியானம் முடிந்துவிடும். அதனால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பார்க்கக் கிடைக்கும். கார் கராஜில் ஒரு எஞ்சின் இறக்கினால் பார்ட்ஸ் வரும்வரை கிழமைக்கணக்கில் அது மூலையில் கிடக்கும். புதுப் பொடியனுக்கு அதில் கை வைக்கவும் விடமாட்டார்கள்.

பைக்கில் ஒரு வருசம் நன்றாக நின்றவருக்குக் காருக்கு மாறுவது கஷ்டமே இல்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எங்கே போனாலும் நான்கு ஸ்ட்ரோக்தான்: காற்றும் பெற்றோலும் உள்ளே வரும், அமுங்கும், எரியும், புகை வெளியே போகும். வீட்டில் உழவு மெசின் இருந்தால், அல்லது மாமா வயற்காரராக இருந்தால், டீசல் பக்கம் தொடங்குவதும் நல்லதுதான். அதில் வேலை போகத்துக்குப் போகம் குவியும், இடையில் குறையும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கராஜ் தேடுவது

பெரிய போர்ட், பளபளக்கும் தரை இதையெல்லாம் பார்க்காதீர்கள். பழக்குகிற ஆளைப் பாருங்கள். ஒரு கராஜுக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றால் போதும், நிறையத் தெரிந்துவிடும். வண்டிக்காரர் வந்து குறையைச் சொல்லும்போது மெக்கானிக் என்ன செய்கிறார்? கேள்வி கேட்கிறாரா, வண்டியை ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்கிறாரா, ஒரு சுற்று ஓடிப் பார்க்கிறாரா? அல்லது நேரே ஸ்பானரை எடுக்கிறாரா? கழற்றிய நட்டுகளை ஒரு தட்டில் போடுகிறாரா, மண்ணில் விடுகிறாரா? அங்கே ஏற்கனவே பழகுகிற பொடியன்களோடு எப்படிக் கதைக்கிறார்? இரண்டு வருசமாக நிற்கும் ஒருவனுக்கு இன்னும் டீ வாங்கவும் பஞ்சர் ஒட்டவும்தான் விடுகிறார்கள் என்றால் அந்த இடம் வேண்டாம்.

கேட்கப் போகும் நேரமும் முக்கியம். காலை எட்டு மணிக்குப் போகாதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் வண்டியோடு வந்து நிற்கும் நேரம் அது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணியளவில் போங்கள். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடை பூட்டியிருக்கும்.

என்ன சொல்வது என்று பயப்படத் தேவையில்லை. "அண்ணன், நான் வேலை பழக ஆசைப்படுறன். ஒண்டும் தெரியாது. துப்புரவு வேலையில இருந்து தொடங்குறன். ஒரு கிழமை பாருங்க, பிடிச்சா வைச்சிருங்க" என்று நேராகச் சொல்லுங்கள். முஸ்லிம் கராஜ் என்றால் நானா, காக்கா என்று அந்த ஊர் வழக்கப்படி கூப்பிடுங்கள். "எல்லாம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு வருகிற பொடியனைவிட ஒன்றும் தெரியாதவனைத்தான் நல்ல மெக்கானிக் விரும்புவார். பிழையாகப் பழகியதை மறக்கவைப்பதுதான் அவருக்குப் பெரிய வேலை.

காசைப் பற்றி அன்றைக்கே கதைத்துவிடுங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் கைச்செலவுக்குத்தான் கிடைக்கும். அது சரி. ஆனால் எத்தனை மாதத்துக்குப் பிறகு நாட்சம்பளம், எப்போது கூடும் என்று முதல் நாளே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முறையாகச் சம்பளத்துக்கு எடுத்தால் உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கும், முதலாளியிடமிருந்து இன்னும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் போக வேண்டும். இது உங்கள் உரிமை. சின்னக் கராஜுகளில் இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை பெற்றோருக்கு: இலங்கையில் வேலைக்கு எடுக்கும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16க்கு உயர்த்தப்பட்டது. பள்ளியை இடையில் நிறுத்திப் பிள்ளையைக் கராஜில் விடாதீர்கள். ஓ.எல். கணிதமும் கொஞ்ச ஆங்கிலமும் இந்தத் தொழிலில் நாளாந்தம் தேவைப்படும்.

முதல் மாதங்களில் செய்ய வேண்டியது

கூட்டுவீர்கள், பார்ட்ஸ் கழுவுவீர்கள், பார்ட்ஸ் கடைக்கு ஓடுவீர்கள். இந்த மூன்றையும் கேவலமாக நினைக்காதீர்கள். பார்ட்ஸ் கழுவும்போதுதான் தேய்ந்த கியர்ப் பல்லும் நல்ல பல்லும் பக்கத்தில் பக்கத்தில் கையில் இருக்கும். பார்ட்ஸ் கடையில்தான் எந்தச் சாமான் எந்த வண்டிக்கு ஒத்துப்போகும், ஒரிஜினல் எது, போலி எது, விலை எவ்வளவு வித்தியாசம் என்று தெரியவரும். கடைக்காரரோடு நல்லபடியாகப் பழகிக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்களுக்குக் கடனுக்குச் சாமான் தரப்போகிறவர் அவர்தான்.

ஒரு கொப்பி வாங்குங்கள். எண்ணெய்க் கறை படும், பரவாயில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு வரி: என்ன வண்டி, வந்தவர் சொன்ன குறை என்ன, உண்மையில் இருந்த பிழை என்ன, என்ன செய்து சரிவந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நீங்கள் படிப்பீர்கள். "கிளட்ச் போயிற்று" என்று கொண்டுவந்த வண்டியில் கேபிள் மட்டும் இழுபட்டிருக்கும். "எஞ்சின் அடிக்குது" என்று வந்ததில் சங்கிலி தொய்ந்து கவரில் உரசியிருக்கும். ஒரு வருசம் எழுதினால் ஒரே மாதிரி குறைகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். இந்தக் கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு, சான்றிதழ் பகுதியில் சொல்கிறேன்.

உங்கள் கையில் முதலில் தரப்படும் வேலை அனேகமாக எஞ்சின் ஒயில் மாற்றுவதாக இருக்கும். லேசான வேலைதான், ஆனால் புதியவர்கள் அதிகம் கெடுப்பதும் இதில்தான். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு வடித்தால் ஒயில் ஒழுங்காக இறங்கும். ஒயில் வடிக்கும் போல்ட் இரும்பு, அது பூட்டப்படும் எஞ்சின் உடம்பு அலுமினியம். திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றையும் விரலால் மட்டும் சுற்றுங்கள். விரலுக்கு இறுகுகிறது என்றால் புரி கோணலாக ஏறுகிறது, கழற்றித் திரும்ப வையுங்கள். ஸ்பானரால் பலவந்தமாகச் சுற்றினால் அலுமினியப் புரி வழுக்கிப்போகும், அதைச் சரிக்கட்ட லேத் பட்டறைக்குப் போகவேண்டி வரும். வாசரைப் பாருங்கள், நசிந்திருந்தால் புதியது போடுங்கள். 100 சிசி பைக்குக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர்தான் போகும். கண்மட்டத்துக்கு ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். கூடினாலும் கெடுதல்தான்.

எவ்வளவு இறுக்குவது என்பதும் பழக வேண்டிய ஒன்று. 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றர் (இறுக்கத்தின் அளவு) போதும். ஸ்பானரின் தலைக்குக் கிட்டப் பிடித்து, மணிக்கட்டால் இறுக்கும் அளவுதான் அது. பலசாலியான பொடியன்கள்தான் அதிகம் போல்ட் முறிப்பார்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இருக்கிற கராஜ் என்றால் அதை எடுத்துக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

பிழை தேடப் பழகுவது

இதைத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

காலையில் ஒரு பைக் தள்ளிக்கொண்டு வருகிறது. ஸ்டார்ட் வரவில்லை. அவசரக்காரர் காற்றையும் பெற்றோலையும் கலக்கிற காபரேட்டரைக் கழற்றுவார். சரிவராது. பொறி வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியை மாற்றுவார். சரிவராது. பொறிக்கு வேண்டிய கரண்டைத் தரும் கொயிலும் மாற்றுவார். கடைசியில் தீப்பொறி தரும் பிளக்கின் கெப் (மேல் மூடி) தளர்ந்திருந்தது என்று தெரியவரும். அதற்குள் வண்டிக்காரரின் காசு பார்ட்ஸ் கடைக்குப் போய்விட்டது. இப்படி வேலை செய்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் பழகினால் நீங்களும் அப்படித்தான் வருவீர்கள்.

முதலில் கேளுங்கள். நேற்று ஓடியதா? மழையில் நின்றதா? பெற்றோல் எங்கே, எப்போது அடித்தது? வேறு யாராவது கை வைத்தார்களா? கடைசிக் கேள்வியை மறக்கவே வேண்டாம். பாதிப் பிழைகள் முந்தின மெக்கானிக் விட்டுப்போனவை.

பிறகு கண்ணால் பாருங்கள். எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது, பெற்றோல் டெப் திறந்திருக்கிறதா, டாங்கியில் உண்மையில் பெற்றோல் இருக்கிறதா. இதைப் பார்க்காமல் எஞ்சினைத் தொடாதீர்கள்.

அதற்குப் பிறகு பெற்றோல் எஞ்சினுக்கு மூன்றே கேள்வி. தீப்பொறி வருகிறதா? பெற்றோல் வருகிறதா? கம்பிரசன் (சிலிண்டருக்குள் அமுங்கும் அழுத்தம்) இருக்கிறதா? இந்த மூன்றும் சரியான நேரத்தில் இருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்காது.

பிளக்கைக் கழற்றுங்கள். அதன் நுனி நிறைய விசயம் சொல்லும். மெல்லிய பழுப்பு நிறம் என்றால் எஞ்சின் நன்றாக எரிகிறது. கரி படிந்து காய்ந்த கறுப்பு என்றால் பெற்றோல் கூடுகிறது, அல்லது காற்று குறைகிறது, ஏர் பில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஒயில் மேலே ஏறுகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். பெற்றோல் நனைந்து மணக்கிறது என்றால் பெற்றோல் வருகிறது, எரியவில்லை. பலமுறை கிக்கர் அடித்த பிறகும் காய்ந்து இருக்கிறது என்றால் பெற்றோல் வரவேயில்லை, டெப், குழாய், டாங்கி மூடியின் காற்றுத்துளை என்று அந்தப் பக்கம் போங்கள்.

அப்புறம் பிளக்கைக் கெப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு எஞ்சினில் நன்றாகப் படும்படி வைத்துக் கிக்கரை அடியுங்கள். நுனியில் நீலமாக, சத்தத்தோடு பொறி வர வேண்டும். கையால் பிடிக்காதீர்கள், பிளாஸ்டிக் பிடி போட்ட குறட்டால் பிடியுங்கள். பிளக் துவாரத்துக்குக் கிட்ட வைக்காதீர்கள், சிந்திய பெற்றோலை முதலில் துடையுங்கள். பொறி இல்லையா? புதிய பிளக் ஒன்றை வைத்துப் பாருங்கள், பிறகு கெப், பிறகு வயர், அதற்குப் பிறகுதான் கொயிலும் மற்றதும். மலிவானதிலும் கைக்கு எட்டுவதிலும் தொடங்கி உள்ளே போவதுதான் ஒழுங்கு. சின்ன பைக்குகளில் பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர்தான், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து பாருங்கள்.

கரண்ட் பக்கத்துக்கு வோல்ற் அளக்கும் ஒரு மல்டிமீற்றர் போதும். நல்ல 12 வோல்ற் பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் ரேஸ் பண்ணினால் 14 வோல்ற் அளவுக்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் புதுப் பற்றரி போட்டும் பயனில்லை, சார்ஜ் வரும் பக்கத்தில்தான் பிழை. "பற்றரி போயிற்று" என்று வருகிற எல்லோருக்கும் பற்றரி விற்கிறவரும், இந்த இரண்டு அளவையும் எடுத்துப் பார்க்கிறவரும் ஒரே மெக்கானிக் அல்ல. ஊரில் ஆட்கள் அந்த வித்தியாசத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குத் தனி ஒழுங்கு உண்டு, எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாமல் மெக்கானிக்காக இருக்க முடியாது. முதல் விதி: செல்ஃபை அடிக்கக் கூடாது, கிக்கரையும் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த தண்டான கொன்ரொட் வளைந்துவிடும். பற்றரியைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, எஞ்சினை மெதுவாகக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயிலை வடித்துப் பாருங்கள், பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. புது ஒயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதையும் வடித்து, திரும்பப் புதியது ஊற்ற வேண்டும். ஏர் பில்டர், காபரேட்டர் கிண்ணம், பெற்றோல் டாங்கி, வயர் சொக்கெட்டுகள், சில்லு பெயாரிங், பிரேக் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து காயவையுங்கள். வாவித் தண்ணீரோ கடல் தண்ணீரோ என்றால் முதலில் நல்ல தண்ணீரால் கழுவியே ஆக வேண்டும், உப்பு உள்ளே இருக்கும்வரை துரு நிற்காது.

என்ன சாமான் வாங்குவது

ஒரே நாளில் பெரிய பெட்டி வாங்காதீர்கள். 8, 10, 12, 14, 17 நம்பர் ஸ்பானர்கள், 10ஆம் நம்பர் டி ஸ்பானர், பிளக் ஸ்பானர், பிளஸ்சும் மைனசும் ஸ்குரூ டிரைவர், ஒரு குறடு, ஃபீலர் கேஜ், மல்டிமீற்றர். பைக் வேலையில் பெரும்பகுதியை இவற்றால் செய்துவிடலாம். ஸ்பானரில் மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள். மெல்லிய இரும்பில் செய்த ஸ்பானர் வாய் விரிந்து நட்டின் மூலைகளை உருட்டிவிடும். சம்பளத்தில் மாதம் ஒன்றாக நல்லதாக வாங்கினால் ஒரு வருசத்தில் உங்களுக்கென்று ஒரு செட் இருக்கும்.

உடம்பைக் காப்பாற்றுவது

எங்கள் ஊர்க் கராஜுகளில் முக்கால்வாசிப் பேர் செருப்போடுதான் நிற்கிறார்கள். நீங்கள் மூடிய சப்பாத்துப் போடுங்கள். மோதிரம், கைச்சங்கிலி, தொங்குகிற சட்டை எதுவும் வேண்டாம். ஓடுகிற செயின் விரலை இழுத்துக்கொள்ள ஒரு கணம் போதும்.

ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, சில்லுக்குக் கட்டை வைத்து, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். முதலாளி அவசரப்படுத்தினாலும் சரி, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெற்றோல் எடுக்கக் குழாயை வாயால் உறிஞ்சுவது இங்கே சாதாரணமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். பெற்றோலால் கை கழுவாதீர்கள். பழைய எஞ்சின் ஒயில் வருசக்கணக்கில் தோலில் ஊறினால் தோல் புற்றுநோய் வரக்கூடும், கையுறை போடுங்கள், சோப்பால் கழுவுங்கள். பிரேக் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பூட்டிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பற்றரி கழற்றும்போது மைனசை முதலில், பூட்டும்போது மைனசைக் கடைசியில்.

பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் வண்டிகள் வந்தால் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். பிரியசின் பெரிய பற்றரி 200 வோல்ற்றுக்கு மேல். அதற்கென்று படித்தவர்கள் செய்யட்டும். பிறகு நீங்களும் படியுங்கள், இனி வரும் காலத்தில் வேலை அந்தப் பக்கம்தான் கூடும்.

சான்றிதழ்

கைவேலை தெரிந்தால் போதும், பேப்பர் எதற்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. ஊரில் கராஜ் வைத்திருக்க அது போதும். கம்பனி வேலைக்கோ, வெளிநாட்டுக்கு மெக்கானிக்காகவோ போக என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற் தகைமை பெரும்பாலும் வேண்டும். அதில் ஏழு மட்டங்கள். நாலாம் மட்டம்தான் தனியே நின்று வேலை செய்யக்கூடிய மெக்கானிக்கின் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஓட்டோமொபைல், மோட்டார் சைக்கிள், ஆட்டோ எலக்ட்ரிசியன் (வாகன வயரிங் வேலை) என்று தனித்தனிப் பிரிவுகளும் உண்டு.

போக மூன்று வழி. ஒன்று, மட்டக்களப்பு, சம்மாந்துறை, அம்பாறை தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் வகுப்பாகப் படிப்பது. எந்தப் பிரிவு, தமிழில் நடக்கிறதா, எப்போது எடுக்கிறார்கள் என்று அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள், பாடநெறிகள் வருசத்துக்கு வருசம் மாறும். உங்கள் பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம். இரண்டு, நைட்டா என்று எல்லோரும் சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை மூலம் ஒரு கராஜிலேயே பயிலுநராகப் பதிந்து பழகுவது. மூன்று, ஏற்கனவே சில வருசம் வேலை செய்தவர்களுக்கு வகுப்பே இல்லாமல், செய்முறைப் பரீட்சை வைத்து அனுபவத்தை அங்கீகரித்து என்.வி.கியூ. கொடுப்பது. இதற்குத்தான் உங்கள் கொப்பி உதவும். செய்த வேலைகளின் விபரம், போட்டோ, முதலாளியின் கடிதம் இருந்தால் பரீட்சகருக்கு முன்னால் தைரியமாக இருக்கலாம்.

என்னைக் கேட்டால், கராஜையும் படிப்பையும் சேர்த்தே கொண்டுபோவதுதான் நல்லது. வகுப்பில் மட்டும் படித்தவருக்குக் கை தடுமாறும். கராஜில் மட்டும் பழகியவர் காபரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெற்றோல் தெளிக்கும் புது வண்டி, அதன் பிழையைக் காட்டும் ஸ்கேனர் என்றதும் பின்வாங்குவார். தனியார் நிறுவனத்தில் காசு கட்டுவதற்கு முன் அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா, தருவது என்.வி.கியூ.வா என்று பாருங்கள். இல்லையென்றால் சுவரில் மாட்ட ஒரு படம்தான் மிஞ்சும். ஓ.எல். கணிதம், விஞ்ஞானம் நன்றாக இருந்து, ஊரைவிட்டுப் போக முடிந்தவர்கள் மொரட்டுவையில் ஜேர்மன் டெக் என்று பெயர் பெற்ற இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகத்துக்கும் ஒருகொடவத்தையில் நைட்டாவின் கீழுள்ள வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அங்கே போக விரும்பினால் சிங்களமும் ஆங்கிலமும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். ஊரிலேயே நின்றாலும் பார்ட்ஸ் பெயர்கள், வேலைக் கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. மட்டக்களப்பு டவுனில் காலையில் நின்று பாருங்கள், ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர். அவர்களில் பலர் கராஜுக்குப் போகத் தயங்கி, சின்னக் குறையைப் பெரிதாகும்வரை வைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டி வேலை தெரிந்த ஒரு பெண் மெக்கானிக்குக் கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ வாடிக்கையாளர் குறையவே மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். பெற்றோர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு மூன்று வருசத்துக்குப் பிறகு

அப்போது ஒரு பக்கத்தில் ஆழமாக இறங்குங்கள். வயரிங், ஏ.சி., டீசல் பம்ப், எஞ்சின் இறக்குவது என்று ஏதாவது ஒன்று. எங்கள் பக்கம் நல்ல ஆட்டோ எலக்ட்ரிசியன்கள் குறைவு, வயரிங் வேலை என்றால் மற்றக் கராஜ்காரர்களே வண்டியை அனுப்புவார்கள். சாரதி அனுமதிப்பத்திரம் எடுங்கள். திருத்திய வண்டியை ரோட்டில் ஓடிப் பார்க்க அது வேண்டும்.

வெளிநாடு போவதென்றால் மெக்கானிக் என்றே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி உள்ள ஏஜென்சியா என்று பாருங்கள், பணியகத்தில் பதிந்துவிட்டுப் போங்கள்.

சொந்தக் கராஜ் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்குப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும், மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வியாபார அனுமதி எடுக்க வேண்டும், சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் தேவைப்படும். முதல் நாளிலிருந்தே மூன்று பழக்கத்தை வையுங்கள். வேலையைத் தொடங்குமுன் விலையைச் சொல்லுங்கள், வேலைக்கு நடுவில் இன்னொரு பிழை தெரிந்தால் போன் எடுத்துக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுங்கள், புதியது போட்டதா என்ற சந்தேகமே வராது. வடித்த ஒயிலை வடிகானில் ஊற்றாதீர்கள். மட்டக்களப்பு டவுனில் பல வடிகான்கள் வாவிக்குத்தான் போகின்றன. மூடியுள்ள ஒரு பீப்பாயை மழை படாத மூலையில் வைத்துச் சேர்த்து, பழைய ஒயில் எடுக்க வருகிறவர்களிடம் கொடுங்கள்.